பையிலேயே இருக்கு, திருப்பிப் பாருங்க

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், அதாவது நான் வெளியே நல்லபடியாக இருக்கிறேன், உன் அப்பா நீ அனுப்பிய கோட்டுக்குள்ளே நல்லபடியாக இருக்கிறார். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே போகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும். போனில் சொல்லாமல் இதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் பேச்சு இரண்டு பேர் பேச்சு இல்லை. நீ கூப்பிட்டதும் உன் அப்பா தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவார், மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்து நீ போனை வைக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நீ அந்தக் குளிர் ஊர் வேலைக்குக் கிளம்பிப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது, இதுவரை உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் நம் தொட்டியைப் போல ஆள் வைத்துக் காவல் காத்த தொட்டி இந்தத் தெருவிலேயே கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்று இல்லை மூன்று. கோட்டு வந்ததா என்று கேட்டாய், வந்தது என்றேன். அப்பா போட்டுப் பார்த்தாரா என்றாய், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்றேன். போட்டோ அனுப்பு என்றாய், போன் கேமராவில் எண்ணெய் பட்டு மங்கிவிட்டது என்றேன். அப்போது நம் வீட்டில் கோட்டு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், சிரிக்காமல் படி. உன் பார்சலைக் கொண்டுவந்தவர் நம் பழைய ஆள்தான், மணி இருந்தும் அடிக்காமல் வாசலில் நின்று பார்சல் என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்துவாரே, கூப்பாடு என்று நீதானே பேர் வைத்தாய். அவர் கொடுத்துவிட்டுப் போனார், உன் அப்பா பிரித்தார். முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலைக் கிடங்கில் சரக்கு சரிபார்த்த கை ஆயிற்றே, கத்தரிக்கோல், கண்ணாடி, பேனா எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். அவருடைய மூன்று வரி உனக்குத்தான் தெரியுமே, எந்தப் பெட்டி வந்தாலும் வந்தது, வராதது, சேதம் என்று எழுதிவிடுவார், நான் காய்கறி வாங்கி வந்தாலும் அப்படித்தான், போன வாரம்கூட வராதது இஞ்சி என்று எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். பார்சலுக்குள்ளே ஒரு பை இருந்தது, சாம்பல் நிறம், தோளில் மாட்டுகிற வார், மெத்தை வைத்துத் தைத்த மாதிரி தடிமன். கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. அப்பாவுக்குக் கோட்டு, பையிலேயே இருக்கு, திருப்பிப் பாருங்க என்று எழுதியிருந்தாய்.

பைக்குள் கை விட்டால் ஒன்றும் இல்லை. கவிழ்த்து உதறினால் ஈரம் உறிஞ்ச வைக்கிற ஒரு சிலிக்கா பொட்டலம் விழுந்தது. திருப்பிப் பாருங்க என்றால் மறுபடியும் பாருங்க என்றுதானே அர்த்தம், மறுபடியும் பார்த்தோம். உன் மாமா வந்திருந்தான், அவனும் திருப்பிப் பார்த்தான். பிறகு சீட்டைத் திருப்பிப் பார்த்தோம், அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம், மூன்று படித்த மனிதர்கள் அரைமணி நேரம் அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம் என்றால் நம்புவாயா. கடைசியில் உன் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வழியில எடுத்துட்டான்" என்றார்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார். அவ பாவம் குளிர்ல நின்னு வாங்கி அனுப்பியிருப்பா, தொலைஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடும், நானே கண்டுபிடிச்சுடறேன் என்றார். விடியற்காலையில் நடக்கப் போகிறார், இருமுகிறார் என்று சொல்லி உன்னைக் கோட்டு வாங்க வைத்தது நான்தான் என்பதால் எனக்கும் வாய் எழவில்லை. அதனால்தான் அந்த மூன்று பொய்.

பையைப் பழையபடி அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு நேரே மளிகைக் கடைக்குப் போய்த் தராசில் வைத்தார். தொள்ளாயிரம் கிராம். பார்சல் மேல் ஒட்டிய சீட்டிலும் தொள்ளாயிரம் கிராம். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே புரிந்திருக்கும். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, திருடன் கெட்டிக்காரன், கோட்டை எடுத்துட்டு அதே எடைக்குக் கனமான பையா பார்த்து வெச்சிருக்கான் என்றார். மளிகைக் கடைக்காரர் ஆமாம் சார் என்று தலையாட்டினாராம், வேறென்ன செய்வார், பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். மறுநாள் பார்சல் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். வந்தது: பை ஒன்று. வராதது: கோட்டு ஒன்று. சேதம்: நம்பிக்கை. அந்த மூன்றாவது வரியை என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார். கோட்டைத் தோளில் மாட்டிக்கொண்டே போய், கோட்டு எங்கே என்று சண்டை போட்டுவிட்டு, அதே கோட்டைத் தோளில் மாட்டிக்கொண்டே திரும்பி வந்த மனிதரோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

சாயங்காலம் வரை சிரிக்கலாம், ஆனால் அந்தப் புகாரால் கூப்பாட்டைத் தெருவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே உட்கார்ந்து பெட்டி அடுக்க வேண்டியது, அடுத்த திங்கட்கிழமை முடிவு சொல்வார்கள், வேலையே போனாலும் போகலாம் என்று அவருக்குப் பதில் வந்த புது ஆள் சொன்னார். புது ஆள் ஒழுங்காக மணி அடிக்கிறார், ஆனால் மணி அடிக்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்டது கூப்பாடு எப்படி இருக்கிறார் என்றுதான். அந்த மனிதர் இருபது வருடமாக இந்தத் தெருவில் ஒரு ஊசியைக்கூடத் தொலைத்ததில்லை.

இதற்கு நடுவே உன் அப்பா அந்தப் பையை விடவே இல்லை. பையாவது அவ அனுப்பினதுதானே என்று பேப்பர், ரொட்டி, மாத்திரை எல்லாம் அதில்தான் வாங்கி வருவார், மதியம் அதையே தலைக்கு வைத்துத் தூங்குவார், தலையணையைவிட இது எதமா இருக்கு என்பார். இருக்காதா பின்னே. நான் ஒரு நாள் உருளைக்கிழங்கு வாங்க எடுத்துப் போனதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். போன சனிக்கிழமை அவரே அதில் மீன் வாங்கி வந்தார், கவர் கிழிந்து மீன் தண்ணீர் பை முழுக்க இறங்கிவிட்டது. கழுவ வேண்டுமானால் உள்பக்கத்தை வெளியே திருப்ப வேண்டும் இல்லையா, திருப்பினேன். அடியில் மடிப்புக்குள்ளே ஒரு ஜிப் இருந்தது, இழுத்தேன். கன்றுக்குட்டி காலை நீட்டுவது மாதிரி ஒரு கை வெளியே வந்தது. நான் போட்ட கூச்சலில் உன் அப்பா தொட்டியிலிருந்து ஓடி வந்தார், அன்றைக்கு நிஜமாகவே தொட்டிக்குத்தான் போயிருந்தார். அவர் வருவதற்குள் இன்னொரு கை வந்துவிட்டது, பிறகு கழுத்து, பிறகு முழுக் கோட்டு, மீன் வாசனையோடு. கோட்டு முதுகில் இருக்கிற பெரிய பைதான் எங்கள் பை. சட்டையில் இருப்பதும் பை, தோளில் மாட்டுவதும் பை, நம் ஆட்கள் இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தது உன் கோட்டை நினைத்துத்தான் போலிருக்கிறது.

உன் அப்பா கிணற்றடியில் தவளையைப் பார்த்தவர் மாதிரி வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "திருப்பிப் பாருங்கன்னு தெளிவாத்தான் எழுதியிருக்கா" என்று மட்டும் சொன்னார். உன் மாமா விஷயம் தெரிந்து வந்து, யாருக்குத் தெரியப் போகுது, கோட்டை மடிச்சு பீரோவுல வைங்க, புகாரைச் சத்தம் போடாம வாபஸ் வாங்கிடலாம் என்றான். எனக்கு உள்ளுக்குள்ளே பயம், ஏனென்றால் இந்த மனிதர் யாரிடமும் தப்பு என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை, கல்யாணமான புதிதில் என் காலை மிதித்துவிட்டு உன் கால் ஏன் இங்கே இருக்கு என்று கேட்டவர். ஞாயிறு முழுவதும் கோட்டை நிழலில் காயப்போட்டுவிட்டு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வெயில் ஏறிவிட்டது, கையிலே எடுத்துட்டுப் போங்க என்றேன். எல்லார் முன்னாடியும்தானே கோட்டு வரலைன்னு சொன்னேன், எல்லார் முன்னாடியும் போட்டுட்டுத்தான் போகணும் என்றார். நான் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னாலேயே ஓடினேன், மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அலுவலகத்தில் அதிகாரி அம்மா, பெட்டி அடுக்குகிறவர்கள், வரிசையில் நின்றவர்கள் எல்லோர் நடுவிலும் நின்று கோட்டைக் கழற்றிப் பை ஆக்கினார், பையைக் கோட்டு ஆக்கினார், சந்தேகம் இருக்கக் கூடாது என்று மறுபடியும் ஆக்கப்போய்க் கை ஜிப்பில் மாட்டிக்கொண்டது. வியர்வை கொட்டுகிறது, கை வரவில்லை. யார் வந்து விடுவித்தது தெரியுமா, கூப்பாடுதான். கையைப் பிடித்திருக்கும்போதே உன் அப்பா அவரைப் பார்த்து, "தப்பு என்னோடது, உங்க மேல பழி போட்டுட்டேன், மன்னிச்சுடுங்க" என்று சொன்னார், வாலு. எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். அதிகாரி அம்மா புகாரை அங்கேயே கிழித்துப் போட்டார்.

வெளியே வந்ததும் கூப்பாடு என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். புகார் கொடுத்த அன்று அதிகாரி அம்மா, உங்க பொண்ணு கோட்டு வைக்க மறந்துட்டு வெறும் பையை அனுப்பியிருக்கலாமே என்று கேட்டாராம். அதற்கு உன் அப்பா மேஜையைத் தட்டி, "எம் பொண்ணு காலிப் பையை அனுப்பறவ இல்ல, அவ சொன்னா சொன்னதுதான்" என்று கத்தினாராம். எம்மேல பழி விழுந்தப்பகூட எனக்கு முழுசா கோபம் வரலம்மா, பொண்ணை இப்படி நம்பற மனுஷன் பொய் சொல்ல மாட்டாரேன்னு நானே என் வண்டியெல்லாம் தேடிப் பார்த்தேன் என்றார் அவர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, தண்ணீர்ப் பாட்டிலை உன் அப்பாவுக்குக் கொடுக்காமல் நானே குடித்துவிட்டேன். இனிமேல் உங்கள் வீட்டில் மணி அடிக்கிறேன் சார் என்று கூப்பாடு சொன்னதற்கு, வேண்டாம், கத்துங்க, எனக்கு மாடிப்படி வரைக்கும் கேட்கணும் என்றார் உன் அப்பா.

இனிமேல் எதை அனுப்பினாலும் அது அதுவாகவே இருக்கட்டும் கண்ணு. குடையாக மாறும் செருப்பு, நாற்காலியாக மாறும் போர்வை எல்லாம் அங்கே கிடைத்தாலும் வேண்டாம், நம் வீடு தாங்காது. கோட்டில் மீன் வாசனை இன்னும் லேசாக இருக்கிறது, தெருப் பூனை இரண்டு அவரோடு நடைக்குப் போகின்றன. இருமல் குறைந்திருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள், இருக்கிற வேலையில் நல்ல பேர் எடு, ராத்திரி சாப்பாட்டுக்கு வெறும் பிஸ்கட் தின்று படுக்காதே. உனக்கு எந்தக் குறையும் வராது, பெற்றவள் வயிறு குளிர்ந்து சொல்கிறேன், நன்றாக இருப்பாய்.

எடை போட்டுத் தபால் தலை ஒட்ட வேண்டும் என்று உன் அப்பா இந்தத் தாளைக் கேட்கிறார். படிக்க மாட்டாராம். பேனா எதற்கு என்று தெரியவில்லை.

எப்போதும் உன் நினைவில்,
அம்மா

பின்குறிப்பு: தாளைத் திரும்பக் கொடுக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார். மறுபடியும் பார் என்று சொல்லவில்லை, நிஜமாகவே திருப்பு.

வந்தது: கோட்டு ஒன்று.
சேதம்: இல்லை. கை மட்டும் கொஞ்சம் நீளம், மடித்துக்கொண்டேன்.
வராதது: மகள் ஒருத்தி.
ஞாயிற்றுக்கிழமை போன் செய். நான் எடுக்கிறேன்.
அப்பா