கம்ப்யூட்டருக்குள் நான் செத்த விவரம்

என் வீட்டு மகாராணிக்கு மாமா எழுதுவது. நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

நான் செத்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதே. செத்தது கம்ப்யூட்டருக்குள்தான்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு இப்போது அதற்குள்தான் வகுப்பு. எங்கள் கிடங்கு மாதிரியே ஒரு பொய்க் கிடங்கு, ஆளுக்கொரு பொம்மை உருவம். வாத்தியாரும் பொம்மைதான், வாய் அசையாமலே பேசுகிறார். அப்படிப்பட்டவரை எப்படி நம்புவது? மேனேஜர்தான் உள்ளே ஒளிந்து வேவு பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

பரீட்சையில் எண்பது டன் தூக்கினேன். எட்டு டன் என்று சொல்பவன் பொறாமைக்காரன். பாதியில் தீ மணி அடித்தது. எல்லாப் பொம்மையும் ஓடியது, என்னுடையதைத் தவிர.

"அண்ணே, ஓடியாங்க! இன்னும் என்னத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கத்தினான் என் அறையில் தங்கியிருப்பவன்.

"சுமை தொங்கும்போது இறங்குறவன் ஆப்பரேட்டரா? இது நம்மள ஆழம் பாக்குற வேலைடா, போடா!"

சுமையைத் தரையில் வைப்பதற்குள், நான் இறந்துவிட்டதாகத் திரையில் எழுதிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மறுபரீட்சை. அதிலும் செத்தால் கிரேனைப் பிடுங்கிக்கொண்டு கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்கள். இருபது வருஷப் பழக்கம், சுமையை அந்தரத்தில் விட்டுவர மனம் ஒப்பவில்லை.

என் மூக்குக்கண்ணாடிக்கு டாக்டர் எழுதிய சீட்டை அனுப்பிவை. ஷிப்ட் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். திங்கள் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டு, "விட்டுட்டு ஓடிடு மாமா" என்று ஒரு தடவை சொல். இங்கே யார் சொன்னாலும் சூதாகத்தான் தோன்றுகிறது. நீ சொன்னால் ஓடிவிடுவேன்.

உன் மாமா