வெற்றுப் புள்ளிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று சடங்குக்காகக் கேட்கவில்லை. கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுப் பதில் எழுது. பாதியில் எழுந்து துணி காயப்போடப் போகாதே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதற்காகத்தான் காகிதம்.

அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? குட்டிக்கு அனுப்பிய ஷூ இந்நேரம் சின்னதாகியிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வேலையை ஒரு தடவை உனக்குச் சொன்னபோது, நட்சத்திரம் எண்ணுவதற்கு ஒரு சம்பளமா என்று சிரித்தாய். நட்சத்திரம் இல்லை, கேலக்ஸி, கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்தது. அவை நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் இடத்துக்குக் கொத்து என்று பெயர். கொத்தின் நடுவிலிருந்து வெளியே போகப் போக எத்தனை கேலக்ஸி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பருப்பொருள் எவ்வளவு இருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி குறைகிறதா என்று அளப்பதுதான் என் பிழைப்பு. கேலக்ஸியை எண்ணிவிடலாம். தெரியாததை எப்படி அளப்பது? அதன் எடை, பின்னால் வெகு தொலைவில் இருப்பவற்றின் உருவத்தைத் துளி இழுத்து வளைத்துவிடும். அந்த வளைவை அளக்கிறோம். ஒரே கொத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் கிராஃபில் கோடு தெரியும்.

இதில் ஒரு சோதனை உண்டு. வானத்தில் கொத்தே இல்லாத வெற்றுப் புள்ளிகளைச் சுற்றியும் அதே அளவை எடுக்க வேண்டும். புள்ளிகளைப் புரோகிராமே கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிக் கொடுக்கும். பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் நம் கணக்கில் ஓட்டை. எங்கள் குழுவில் இதைச் சரிபார்ப்பவருக்குப் பூஜ்யம் மேடம் என்றே பெயர். பூஜ்யம் வந்தால்தான் அவர் டீயைத் தொடுவார்.

போன மாதம் எனக்குப் பூஜ்யம் வரவில்லை. நடுவை நெருங்க நெருங்கக் கோடு ஏறியது, நிஜக் கொத்துக்கு ஏறுவதைப்போல. ஆனால் அங்கே கேலக்ஸிக் கூட்டம் இல்லை. வெளிச்சம் இல்லை, எடை மட்டும் இருக்கிறது. பட்டியலைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளை நீக்கினால் மீதியெல்லாம் சுத்தமான பூஜ்யம். அந்த நூற்றுப் பன்னிரண்டும் புரோகிராம் கொடுத்தவை அல்ல. யாரோ கையால் டைப் அடித்துச் சேர்த்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் பட்டியலில் கை வைத்தது யார் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். பூஜ்யம் மேடம் கம்ப்யூட்டரின் பதிவைத் திறந்து காட்டினார். மூன்று வாரம், பதினாறு தடவை, எல்லாம் பிற்பகல் மூன்று மணி வாக்கில். என் மேஜை. என் பெயர்.

"நீங்கதான் அடிச்சிருக்கீங்க," என்றார். "எதைப் பார்த்து எடுத்தீங்க?"

எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

பிறகு அந்தப் புள்ளிகளை அவர் தன் சொந்தப் புரோகிராமில் போட்டு ஓட்டினார். அவருக்கும் கோடு ஏறியது. வானத்தில் கண்டபடி கை வைத்தால் இப்படி நூற்றுப் பன்னிரண்டு இடம் சிக்காது. அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை. இப்போதெல்லாம் என் மேஜையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

உனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று தெரியும். அப்பாவின் பெருக்கல் குறிகள். ஆபீஸில் கட்டட வரைபடம் வரைந்து பழகிய கை, ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி இருக்கும். சுவரில், தரையில், பீரோவின் பக்கத்தில், எல்லாம் பென்சிலில். சாப்பிட்டு எழுந்த பிறகு, மூன்று மணி வாக்கில் போடுவார். சாயங்காலம் நம்மையே மிரட்டுவார்: "யாருடா இதைப் போட்டது?" நீ அழித்தால் மறுநாள் அதே இடத்தில் இருக்கும். ஹால் நடுவில் குறிகள் நெருங்கி விழுந்த ஓர் இடத்தை அவர் சுற்றிக்கொண்டு நடப்பார். கொஞ்ச நாளில் நாமும் சுற்றித்தான் நடந்தோம். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அதே வீட்டில் நீ குடித்தனம் நடத்துகிறாய், இன்னும் அந்த இடத்தில் கால் வைப்பதில்லை. வந்தால் நானும் வைப்பதில்லை.

அது நோய், பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார் டாக்டர். இருக்கட்டும். ஆனால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஒருத்தரும் அளக்கவில்லை.

அது நமக்கும் வருமா என்று பார்க்க நீயும் நானும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தோம். சோதனை முடிவு இரண்டு கவராக வந்து உன் பீரோவில் போர்வைக்கு அடியில் கிடக்கிறது. சேர்ந்து பிரிப்பதாகப் பேச்சு. நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டது நான்தான். வேலை என்றேன், டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன், ஒரு தடவை வந்தும் அடுத்த முறை என்றேன். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இனித் தள்ள முடியாது. என் புள்ளிகளுக்காக மட்டும் இதை எழுதவில்லை. போன கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருந்தாய்: "சமையலறைக் கதவுக்குப் பின்னாடி பென்சில்ல பெருக்கல் குறி போட்டுட்டுப் போனது நீதானே, கழுதை?"

நான் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, அக்கா.

அத்தான் போட்டிருக்கலாம். ஆணி அடிக்க அடையாளம் வைத்திருப்பார். அவரைக் கேட்டுப் பார். குறியை அழிக்காதே. வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடவும் வேண்டாம். பதினெட்டாம் தேதி வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஹால் நடுவில், அந்த இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு கவரையும் பிரிப்போம். அந்த இடத்தை அளக்க டேப்பும் கொண்டு வருகிறேன். அதுவரை முதுகுவலியைச் சாக்காக வைத்து அத்தானை லீவு போடச் சொல். பிற்பகலில் நீ தனியாக இருக்காதே.

குட்டிக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கி வைத்திருந்தேன். அதை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். மாமா வேறு ஏதாவது வாங்கி வருவான் என்று சொல்.

நன்றாக இரு அக்கா. இதையும் சடங்குக்காக எழுதவில்லை.

உன் தம்பி