ஹோல்ராய்டின் கேரவன்

அம்மா,

“பள்ளிக்கூடத்தையும் விட்டுட்டு அந்த நோட்டுல என்னதான்டி எழுதுற?” என்று ஒருநாள் கேட்டாயே. யார் எங்கே வண்டி நிறுத்துகிறார்கள் என்பதுவரை எழுதுகிறேன்.

பணத்தை வாங்கிக்கொண்டு நம் வீட்டுக் கூரை வேலையை அரைகுறையாக விட்டுப்போன ஹோல்ராய்ட், கோர்ட் தீர்ப்புக்குப் பிறகும் நம் பணத்தைத் தரவில்லை. “வேன் கடன்ல ஓடுது, ஏணி பொழப்புச் சாமான். ரெண்டையும் தொட முடியாதும்மா” என்று ஜப்தி அதிகாரி உன்னிடம் கைவிரித்தார். ஹோல்ராய்ட் விடுமுறைக்கு வேனில் இழுத்துப் போய்த் தங்கும் கேரவன் அவருடைய தங்கை வீட்டுக்குப் பின்னால் நிற்பதை நோட்டைப் பார்த்து அதிகாரியிடம் நான்தான் சொன்னேன். இன்று காலை அதன் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பணம் வந்துவிடும், பாரேன்.

சூப் அடுப்பில் இருக்கிறது. உன் கட்டில்மேல் ஒழுகுமிடத்தில் வாளியை மாற்றிவிட்டேன்.

பி.கு.: நான் கிளம்பும்போது ஹோல்ராய்டே வந்தார். அதிகாரியிடம் முழுப் பணமும் கட்டிய ரசீதை என்னிடம் நீட்டினார். “டீ குடிச்சிட்டுப் போங்க” என்றேன். வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டார்.