நீலமாகாத தண்ணீர்

இன்று காலை கூடத்தைத் துடைக்கப் பினாயில் ஊற்றினேன். அந்த வாசனையில் மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி நினைவு வரும். எனக்கு நீதான் வந்தாய், கை நிறையக் கண்ணாடிக் குழாய்களோடு.

எழுபதுகளின் கடைசி. மதுரைக் கல்லூரி ஒன்றில் நாம் இருவரும் எம்.எஸ்சி. விலங்கியல். கடலே இல்லாத ஊரில் உனக்குக் கடல் சாமந்தி மேல் ஆராய்ச்சி. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து பஸ்ஸில், கடல்நீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். பூப்போல விரியும் அந்தப் பிராணியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பிராணி கழிக்கும் அம்மோனியாவை அது எடுத்துக்கொள்கிறதா என்பதுதான் உன் கேள்வி.

"உங்க வாடிப்பட்டியில சாணி வயலுக்குப் போகுதுல்ல? இங்க மாடும் வயலும் ஒரே உடம்புக்குள்ள இருக்குடி" என்றாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஜாடித் தண்ணீரைக் குழாயில் எடுத்து, பினாயில் வாசனை அடிக்கும் மருந்தை விட்டால், அம்மோனியா இருந்தால் நீலமாகும். உன் தண்ணீர் நீலமாகவே இல்லை. மாட்டுக் கொட்டத்தில் வளர்ந்தவள் நான், கழிக்காத உயிர் உண்டா? பேராசிரியர் எதிரிலேயே, "தண்ணிய மாத்திட்டு எடுத்திருப்பா சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையெழுத்துப் போடாமல் உன் நோட்டை மூடினார். அது இல்லாமல் உனக்குப் பட்டம் கிடையாது.

அழுவாய் என்று நினைத்தேன். நீ ஹாஸ்டல் கொடியில் காய்ந்த என் கறுப்பு உள்பாவாடையை எடுத்து வந்து, சன்னலோரம் சாமந்தியோடு இருந்த இரண்டு ஜாடிகளில் ஒன்றை மூடினாய். பேராசிரியருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "இருட்டுல பாசி சாப்பிடாது, பாரு" என்றாய்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் சுற்றி நிற்க, இரண்டு ஜாடித் தண்ணீரையும் குழாய்களில் எடுத்து மருந்தை விட்டாய். வெயில் பட்ட ஜாடித் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பாவாடைக்குள் இருந்தது மெல்ல மெல்ல நீலமானது. கையெழுத்து விழுந்தது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம். நீயோ பஸ் ஸ்டாண்டில், "நீ சந்தேகப்படலன்னா இருட்டு ஜாடி எனக்குத் தோணியே இருக்காது, அம்புட்டுதான்" என்றாய். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் என் பெயரையும் போட்டாய். அது நக்கலா, நிஜமா என்று கேட்க நினைத்தே காலம் ஓடிவிட்டது. போன மாதம் நீயும் போய்விட்டாய்.

நானும் டீச்சராகி எத்தனையோ பிள்ளைகளின் நோட்டைத் திருத்தினேன். நம்ப முடியாத விடை வந்தால், "யாரைப் பாத்து எழுதுனே?" என்று வாய்வரை வரும். அதை விழுங்கிவிட்டு, "இருட்டுல வச்சுப் பாத்தியா?" என்று கேட்பேன். உன் கதையையும் சொல்வேன். உன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்: நீ தண்ணீரை மாற்றவில்லை.