அலுமாரிக்குள் தொலைபேசி

2003 ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதுளைச் சந்தையில் போஞ்சி விலை ஏறிவிட்டது. மத்தியானம் டெலிபோன் பில் வந்தது, வழக்கத்தைவிட மூன்று மடங்கு. கடைசியில் ‘வொய்ஸ் கிளப்’ என்று ஒரு வரி, அதன் கீழே ஏழெட்டு அழைப்புகள். என்னவென்று விளங்கவில்லை. பிழையாக அடித்திருப்பார்கள். இவர் தான் வேலை செய்யும் கச்சேரி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விசாரிக்கட்டும்.

ஆகஸ்ட் 13

விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். கொழும்பில் யாரோ ஒரு கம்பனியாம். அந்த இலக்கத்துக்கு எடுத்தால் முன்பின் தெரியாதவர்களோடு கதைக்கலாமாம், ஆணும் பெண்ணும். காசு நம்முடைய பில்லில் ஏறுமாம்.

“ஆரோட கதைச்சனீ?” என்றார்.

பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தங்கச்சி எடுத்தாள். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் அவள் வீட்டில் போன் இல்லை. ஞாயிறு காலையில் சந்திக் கடைக்கு வந்து எடுப்பாள். நாட்டில் சண்டை நின்ற பிறகு கிடைத்த ஒரே சந்தோஷம் இது. அதற்கு முன் எத்தனை வருஷம் கடிதம்கூட ஒழுங்காகப் போகவில்லை.

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். நான் வைத்ததும், “ஆர் அது?” என்றார்.

“சந்திரகாந்தி. கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?”

“அவள் சொன்னது எனக்குக் கேக்கேல்லையே.”

ஆகஸ்ட் 20

டெலிபோன் கந்தோருக்கு நானே போனேன். “நாங்கள் காசை அறவிட்டுக் குடுக்கிறது மட்டும்தான் மிஸ், கம்பனியைக் கேளுங்க” என்று ஒரு இலக்கம் எழுதித் தந்தார்கள். வெளியே கொமியூனிகேஷன் கடையிலிருந்து எடுத்தேன். பாட்டு. பிறகு ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில், காத்திருக்கச் சொல்லிற்று. மறுபடி பாட்டு. அதற்கும் காசு கட்டிவிட்டு வந்தேன்.

செப்டெம்பர் 11

அடுத்த பில். இந்த முறை இன்னும் கூட.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

“நாப்பத்தெட்டு வயசில உனக்கென்ன கேக்குது? பிள்ளை குட்டி இல்லாத வீடு, பொழுது போகேல்லையாக்கும்.”

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பேச்சை அவர் எடுத்ததேயில்லை. எடுக்காமலிருந்தது என்மேல் உள்ள அன்பால் என்று நினைத்திருந்தேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

சந்திரகாந்தியின் குரலே மாறிவிட்டது. மார்பில் வந்த கட்டி ஈரலுக்குப் போய்விட்டதாம். “டொக்டர் இனி ஒண்டும் செய்யேலாது எண்டிட்டார் அக்கா.” அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகுதான் உடைந்தாள்.

“மயூரியை நீ வைச்சிருப்பியே? தகப்பனும் இல்லை. பதினேழு வயசு, எங்க விட்டிட்டுப் போறது?”

“ஓம்” என்று உடனே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இவர் கதவடியில் நின்றார்.

“அத்தானைக் கேட்டிட்டு அடுத்த ஞாயிறு சொல்றன்” என்றேன். ஏனடி அப்படிச் சொன்னாய்?

செப்டெம்பர் 15

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். அவசரமில்லாமல் சோற்றைப் பிசைந்தார்.

“முதல்ல ஆர் எண்டு சொல்லு. பிறகு மயூரியைப் பற்றிக் கதைப்பம்.”

பிள்ளையார் அறிய ஒருவரும் இல்லை என்றேன். கை கழுவிவிட்டு வந்து, போனின் வயரைக் கழற்றினார். அலுமாரிக்குள், தன் மடித்த சாரங்களுக்கு மேலே வைத்துப் பூட்டினார். திறப்பு அவருடைய சட்டைப் பையில்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

காலை முழுவதும் வெறும் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். இப்போது அவள் கடையில் நிற்பாள். இப்போது எடுப்பாள். எடுத்துக்கொண்டே இருப்பாள்.

காலில் விழாத குறை. “பத்து நிமிஷம், நீங்களே பக்கத்தில இருங்கோ” என்றேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. அந்தக் கடையின் இலக்கம்கூட என்னிடம் இல்லை. எப்போதும் அவள்தானே எடுப்பது.

செப்டெம்பர் 22

கடிதம் போட்டேன். போன் பழுது என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? மயூரியைப் பற்றி ஒன்றும் எழுத முடியவில்லை. ‘ஓம்’ என்று எழுதிவிட்டு, பிள்ளை வந்து வாசலில் நிற்க இவர் கதவைச் சாத்தினால்? யாழ்ப்பாணத்துக்குத் தபால் போய்ச் சேர இரண்டு கிழமை.

செப்டெம்பர் 24

செய்துவிட்டேன்.

“ஓம், நான்தான் கதைச்சனான். இனிக் கதைக்கமாட்டன். மயூரியைக் கூப்பிடுவம்” என்றேன்.

விட்டாரா? பெயர் என்ன என்றார். தெரியாது என்றேன். எந்த ஊர்? மொனராகலைப் பக்கம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். என்ன கதைச்சனீங்கள்? மழையைப் பற்றி. சமையலைப் பற்றி. வேற? வேற ஒன்றுமில்லை. வேற? — இல்லாத ஒருவனை அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் தேத்தண்ணி கேட்டார்.

செப்டெம்பர் 25

சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

“இப்பிடிப்பட்ட பொம்பிளையை நம்பி ஒரு குமர்ப்பிள்ளையை இந்த வீட்டுக்குக் கொண்டுவாறதே? நாளைக்கு அவளையும் பழுதாக்கிப்போடுவாய்.”

குடையை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போய்விட்டார்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

அவள் எடுக்கும் நேரம் வருமுன்பே குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இருந்தேன்.

ஒக்டோபர் 6

தந்தி. சந்திரகாந்தி சனிக்கிழமை போய்விட்டாள். நேற்றுத் தகனமும் முடித்துவிட்டார்கள்.

“இனிப் போய் என்ன பாக்கிறது? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போ” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பாவம்” என்றார்.

ஒக்டோபர் 13

பின்னேரம் அடுத்த வீட்டு றஷீனா பில்லோடு வந்தாள்.

“அக்கா, ஒங்களுக்கும் இந்தக் களவுக் காசு வந்திருக்கா? இந்த ரோட்டுல நாலு வீட்டுக்கு வந்திருக்கு. எங்க வீட்டுக்காரர் ஹுமைத் பில்லப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். ஒனக்கு என்னோட பேசவே நேரமில்ல, இதுல எங்க போய்ப் பேசப் போறங்கிறார். போய்ச் சத்தம் போட்டு அந்தக் காச பில்லுல இருந்து வெட்ட வச்சிட்டு வந்தோம்.”

அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

அவள் போன பிறகு எங்கள் பில்லைப் பிரித்தேன். ‘வொய்ஸ் கிளப்’ வரியின் கீழே: செப்டெம்பர் 19. 23. 26. போன் அலுமாரிக்குள் இருந்த நாட்கள். இவர் வந்ததும் மேசையில் வைத்து விரலால் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். அலுமாரியைத் திறந்தார். போனைத் துடைத்து, வயரை மாட்டி, காதில் வைத்துப் பார்த்தார்.

“கம்பனிக்காரன் கள்ளன்” என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“என்ன பாக்கிறாய்? நீதானே ஒத்துக்கொண்டனீ? செய்யாததைச் செய்தன் எண்டு ஏன் சொன்னனீ? என்னைத்தானே மடையனாக்கினனீ.”

நவம்பர் 3, கோண்டாவில்

அந்தியேட்டி முடிந்தது. பதுளையிலிருந்து வெளிக்கிடும்போது இவர், “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கு ஒண்டுமில்லை” என்றிருந்தார்.

மயூரி எனக்குப் பாய் போட்டாள், தேத்தண்ணி தந்தாள், விருந்தாளிக்குத் தருவதுபோல. அழவில்லை. என்னோடு வரச் சொல்லிக் கேட்டதும் நிதானமாகத்தான் சொன்னாள்:

“அம்மா ரெண்டு ஞாயிறும் வந்தவ பெரியம்மா. கடைசி ஞாயிறு ஓட்டோவிலதான் ஏத்திக்கொண்டு போனனான். கடைக்காரர் கதிரை போட்டுத் தந்தவர். ரிங் போகுது, ஆரும் எடுக்கேல்லை. ‘அக்காவுக்கு விருப்பமில்லைப் போல, இனிக் கரைச்சல் குடுக்காதை’ எண்டிட்டு வீட்டை வந்திட்டா.”

“கடிதம் போட்டனான் பிள்ளை...”

“எட்டாம் நாள் செலவும் முடிஞ்ச பிறகு வந்தது. வாசிச்சன். போன் பழுது எண்டிருந்தது. அம்மா கேட்டதுக்கு அதில பதில் இல்லை.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். எதைச் சொல்வது? பதினேழு வயதுப் பிள்ளையிடம், தாயை எரித்த ஒரு மாதத்தில், ‘வொய்ஸ் கிளப்’ என்றா?

“நான் சித்தப்பா வீட்டை போறன்” என்றாள். “நீங்கள் யோசியாதையுங்கோ.”

நவம்பர் 7, பதுளை

பஸ் வந்து சேர்ந்தபோது நல்ல மழை. ஸ்டாண்டில் இவர் குடையோடு நின்றார். எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை வரேல்லையே?”

“இல்லை.”

“சரி. நாங்கள் கேட்டம்தானே. இனி ஆரும் எங்களைக் குறை சொல்லேலாது.”

பையை வாங்கிக்கொண்டு குடையை நீட்டினார். வாங்கவில்லை. முன்னால் நடந்தேன். கடைவீதி முழுக்க, “நனையிறாய் கமலம், நனையிறாய்” என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார், நாலு பேருக்குக் கேட்க.