பாழ் என்று எழுதப்பட்ட ஊர்கள்

இன்று காலை ஜெர்மனியின் டிரெஸ்டனில், பல்கலைக்கழக வரலாற்றுத் துறையைக் கடந்து போனேன். திறந்திருந்த கதவு வழியாகத் தரை மெழுகின் வாசனை வந்தது. நின்றுவிட்டேன். உன் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அங்கேதான் நடந்தது.

பதினோராம் நூற்றாண்டில் நார்மன் அரசன் இங்கிலாந்தைப் பிடித்த பின் ஊர் ஊராக எடுத்த நிலக்கணக்குதான் உன் ஆய்வு. அதில் வடக்கே பல ஊர்களுக்கு எதிரே 'பாழ்' என்று இருக்கும். அரசனின் படை எரித்த ஊர்கள் அவை என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதினார்கள். நீ ஆராய்ந்த ஊர்களில் சில எரியவே இல்லை, வரி வராததால் 'பாழ்' என்று எழுதினார்கள், அவ்வளவுதான் என்றாய்.

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து உனக்கு அப்போதுதான் முடி அரும்பியிருந்தது. கடைசி வரிசையில் என் பக்கத்தில் உன் அப்பா. இலங்கையில் சண்டையில் ஊர் எரிந்து இங்கே வந்தவர்.

"ஒரு கொடுமையைச் சிறியதாக்குகிறீர்களே?" என்றார் தேர்வாளர்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாய். "எரிந்த ஊரின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால்தான் எரியாத ஊரை எரிந்தது என்று எழுத மாட்டேன்."

தேறிவிட்டாய். ஆனால் நடைவழியில் அப்பா உன் கையைப் பற்றவில்லை. "எரிச்சவனுக்கு வக்காலத்து வாங்கிறியோ பிள்ளை?" என்றார்.

"இல்லையப்பா. எரிச்ச ஊருகளுக்குச் சாட்சி இருக்கு, அதையும் எழுதியிருக்கிறன். எரியாததையும் சேர்த்துச் சொன்னா, நாளைக்கு எங்கடை ஊர் எரிஞ்சது எண்டாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

டிராமில் அவர் தள்ளி உட்கார்ந்தார். இறங்கும்போதுதான் உன்னைப் பார்த்தார். "ஜெர்மன்லை எனக்கு முழுக்க விளங்கேல்லை. தமிழிலை சொல்லு."

"ஓம் அப்பா, சொல்லுறன்."

சொல்வதற்குள் நோய் திரும்பிவிட்டது. அந்தக் குளிர்காலத்தைக்கூட நீ தாண்டவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்குத் தொலைபேசியில் உன் ஆய்வேட்டைத் தமிழாக்கி வாசிக்கிறேன். மென்பொருள் எழுதும் எனக்கு ஒவ்வொரு பத்தியும் மல்லுக்கட்டுதான். போன வாரம் ஓர் ஊரைப் படை எரித்த பகுதி வந்தது. அவர் இடைமறித்தார்.

"பொறுங்கோ பிள்ளை. அதுக்குச் சாட்சி என்னவாம்?"

அடிக்குறிப்பைத் தேடினேன். இருந்தது. "அவ எழுதியிருக்கா, அங்கிள்."

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஓம். அப்ப வாசியுங்கோ."

வாசித்துக்கொண்டிருக்கிறேன்.