நான் சொன்ன ஓகே

அன்புள்ளவளுக்கு,

நீ இன்னும் மயக்கம் தெளியாமல் தூங்குகிறாய். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

அச்சகத்தில் நான் புரூஃப் பார்த்து ‘ஓகே’ போட்டால்தான் மெஷின் ஓடும். அங்கே எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகே போடுவேன். முதலாளியிடம் சொல்லும் ஓகேவுக்கு, வேறு வழியில்லை என்று பொருள். வீட்டில் சொல்லும் ஓகேவுக்கு, ஆளை விடு என்று பொருள். போன வாரமும் அப்படித்தான் சொல்லிவிட்டேன்.

“வயித்துல கட்டியாம். வியாழக்கிழமை ஆபரேஷன். நான் தனியாவே போய்க்கிறேன், ஓகேவா?”

“ஓகே” என்றேன். கண் டிவியில் இருந்தது.

இன்று உன் தங்கை அச்சகத்துக்கே போன் செய்தாள். “அத்தான், அக்காவ உள்ள கொண்டுபோயிட்டாங்க. நீங்க எங்க இருக்கீங்க?”

விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தேன். யார் என்று நர்ஸ் கேட்டார். வீட்டுக்காரர் என்றேன்.

“அவர் ரொம்ப தூரத்துல இருக்கார், வர முடியாதுன்னு அவங்க சொன்னாங்களே?”

என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா அது, இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாயா? கண் விழித்ததும் சொல். எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்
உன் வீட்டுக்காரன்